செவியிரைச்சலுக்கு நிசப்தம் மருந்தாகுமா?

பிறர் கண்ணுக்கும் செவிக்கும் எட்டாத நோய் ஒன்றுண்டு. சுரங்கண்டவன் உடலைத் தொட்டு அறியலாம். இருமலுற்றவன் துன்பத்தை அடுத்த அறையில் இருப்போரும் அறிவர். கண் சிவந்தால் தெருவிற் காண்போர் அனைவரும் நின்று வினவுவர். செவிக்குள் இரவும் பகலும் ஓயாது ஒலிக்கும் இரைச்சலையோவெனின், பெரும்பாலும் அதனை உடையான் ஒருவனே கேட்கின்றான். சிள்வண்டின் குரல் போலவும், நெடுஞ்சீழ்க்கை போலவும், சங்கினைக் காதிற் பொருத்தினாற் போலவும், உலைநீர் கொதிப்பது போலவும் அஃது அவரவர்க்கு ஒவ்வொரு வகையாய்த் தோன்றும். மேனாட்டு மருத்துவர் இதனை டின்னிடஸ் என்பர். நம்மவர் காதிரைச்சல் என்பர். இதனோடு உடன்பிறந்ததென்று சொல்லத்தக்க பிறிதொரு துன்பமும் உண்டு. ஏனையோர்க்கு இயல்பாகத் தோன்றும் ஓசைகள் ஒருவர்க்கு மட்டும் பொறுக்கலாகாப் பேரொலியாய் வந்து தாக்குவது அது. தட்டொன்று தரையில் விழுந்தாலும், குழந்தை வீறிட்டு அழுதாலும், பேருந்தின் ஊதுகுழல் ஒலித்தாலும் அவர் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்வர். ஹைபரக்யூஸிஸ் என்பது அதன் பெயர். பல் கூச்சம், கண் கூச்சம் என்று வழங்கும் நம் மொழியில் இதனைச் செவிக்கூச்சம் என்றல் பொருந்தும். இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்து காணப்படுதலும் அரிதன்று.

இரைச்சல் எங்கோ ஒருவர்க்கு வரும் நோயென்று எண்ணற்க. உலகெங்கும் நடந்த பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கணக்கின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 14 பேர் இவ்விரைச்சலை அறிந்தவர். நூற்றுக்கு இருவர்க்குச் சற்று மேற்பட்டோர் அதனாற் கடுந்துன்பம் உறுபவர். ஒரு வகுப்பறையில் ஐம்பதின்மர் அமர்ந்திருப்பின், அவருள்ளும் இதனைக் கேட்பவர் இருத்தல் கூடும் என்று கருதுவதில் மிகையில்லை. ஆயினும் அவர் வாய் திறவார். திறந்தால், "எங்களுக்குக் கேளாதது உனக்கு மட்டும் எப்படிக் கேட்கும்?" என்னும் கேள்வியே பதிலாய் வரும் என்பதை அவர் அறிவர். இசைப் பேரறிஞராகிய பேத்தோவன் தம் செவிகள் அல்லும் பகலும் இரைவதைக் குறித்து மருத்துவ நண்பர் ஒருவர்க்கு 1801ஆம் ஆண்டில் மனமுருகி எழுதினார். பொகீமிய நாட்டு ஸ்மெத்தனா என்பார் 1876ஆம் ஆண்டில் தம் வாழ்க்கையையே பொருளாக வைத்து இயற்றிய நால்வர் இசையின் இறுதியில், தம் காதில் ஒலித்த அந்தக் கூரிய ஒற்றை ஒலியையே வயலினில் நீள ஒலிக்கச் செய்து உலகத்தாரைக் கேட்கவைத்தார். நம் போன்றார்க்கு அவ்வாற்றல் இன்மையின், சொல்லாது அடக்கிக்கொள்வதே வழியாகிவிடுகின்றது.

சொல்லத் துணிந்தவர்க்கோ வீட்டாரும் நண்பரும் மூன்று அறிவுரைகளைத் தவறாது வழங்குவர். எண்ணெயைக் காய்ச்சிக் காதில் விடுக என்பது முதலாவது. செவிப்பறையில் ஓட்டை இருப்பதை அறியாது இங்ஙனம் செய்வோர் இரைச்சலோடு சீழையும் வருவித்துக்கொள்வர் என்பதற்கு மேல் அதனைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அதனை நினையாதே என்பது இரண்டாவது. நினையாதிருக்கக் கூடுமாயின் அவர் நம்மிடம் வந்து சொல்லியிரார். மூன்றாவது, "சத்தமே இல்லாத இடத்திற் போய் இரு; கதவைச் சாத்திக்கொள்; காதில் பஞ்சை வைத்துக்கொள்" என்பது. இம்மூன்றாவதே அன்பு மிகுந்தது, கேட்ட அளவில் அறிவுக்கும் பொருந்துவது, பெரும்பாலோர் கைக்கொள்வது. அதனையே யாம் மறுக்கப் புகுந்தோம். இரைச்சலாலும் கூச்சத்தாலும் வருந்தும் செவிக்கு நிசப்தம் மருந்தாகாது. அவற்றை அது வளர்க்கவும் கூடும். மெல்லிய ஒலியே அச்செவிக்கு ஏற்ற துணை. அத்துணையைப் பொருட்செலவின்றி வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம் என்பது எம் கருத்து.

1953ஆம் ஆண்டில் ஹெல்லர், பெர்க்மன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், காது நன்கு கேட்பவரும் இரைச்சல் என ஒருபோதும் முறையிடாதவருமாகிய 80 பேரை ஒலி புகாத அறையொன்றில் ஒருவர் பின் ஒருவராய்ச் சில நிமிடம் இருத்தி, கேட்பதைக் கூறுமாறு வேண்டினர். அவருள் நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாகவே எழுதிக்கொடுத்தனர். ரீங்காரம் என்றார் சிலர். இரைச்சல் என்றார் சிலர். புறத்தே ஒலி முற்றும் அற்றவிடத்து, நலமுற்ற செவியும் தன்னகத்தே ஓரொலியைக் காணும் என்பது இதனாற் பெறப்படும். அங்ஙனமாயின், முன்னரே இரைச்சலுடையான் ஒருவனை அத்தகைய அறையில் தள்ளிக் கதவடைப்பது எத்தகைய உபகாரம் என்பதை அன்பர்களே ஆராய்ந்து கொள்வாராக. அமாவாசை இரவில் மின்மினி எத்துணைப் பெரிதாய்த் தோன்றுகின்றது! பட்டப்பகலிலும் அஃது அங்கேயே இருப்பினும் அதனைப் பொருட்படுத்துவார் யார்?

இதன் காரணத்தையும் சிறிது கூறுவாம். நம் உட்செவியில் நத்தைக் கூடு போன்று சுருண்ட உறுப்பொன்று உளது. அதன்கண் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் அணுக்கள் வரிசையாய் நின்று ஒலியலைகளை நரம்பிற்கு உரிய செய்தியாய் மாற்றுகின்றன. முதுமையாலும், பேரொலியாலும், சில மருந்துகளாலும் அவை அழிகின்றன. அழிந்தவை மனிதரிடத்து மீள முளைப்பதில்லை. செவியினின்று வரும் செய்தி குறையவே, மூளையானது அக்குறையை நிரப்பத் தன் கேட்கும் வேகத்தை உயர்த்திக்கொள்கின்றது என்பது இக்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் கொண்ட கருத்து. பழைய வானொலிப் பெட்டியை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். தொலைநாட்டு நிலையமொன்றின் ஒலி மெலிந்து வருங்கால் திருகியைத் திருகி ஒலியைக் கூட்டுகின்றோம். நிலையத்தின் பேச்சு தெளிவதற்கு முன்னரே பெட்டியின் சொந்த இரைச்சல் அறையெங்கும் நிரம்புகின்றதன்றோ? அதுவே செவியிரைச்சல். திருகியை அவ்வாறே விட்டுவிட்டு, அண்மையிலுள்ள நிலையத்திற்கு முள்ளைத் திருப்பினால் பெட்டி அலறுகின்றது. அதுவே செவிக்கூச்சம். செவியைப் பஞ்சால் அடைப்பது மூளைக்கு வரும் செய்தியை இன்னும் குறைப்பதாகும். மூளை திருகியை இன்னும் திருகும் என்பதற்கு ஐயமென்ன?

இதனை வெறும் ஊகமெனத் தள்ளற்க. அமெரிக்காவில் ஃபார்ம்பியும் அவர் தோழரும் காது நலமுள்ள சிலரை இரு வாரம் செவியடைப்பான் அணிந்திருக்கச் செய்தனர். மறுமுறை அவரையே மெல்லிய இரைச்சலைத் தரும் சிறு கருவிகளை இரு வாரம் அணிந்திருக்கச் செய்தனர். அடைப்பான் அணிந்த காலத்தின் முடிவில் அவர் செவிகள் முன்னினும் கூசின. மெல்லொலி கேட்ட காலத்தின் முடிவில் முன்னினும் பேரொலியைப் பொறுத்தன. இம்முடிவு 2003ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பின்னர் இங்கிலாந்தில் ஷேட்டே என்பாரும் அவர் துணைவரும் 18 பேரை ஒரு காதில் மட்டும் ஏழு நாள் அடைப்பான் அணியச் செய்து, 2012ஆம் ஆண்டில் அதன் விளைவை அறிவித்தனர். அவருள் 14 பேர்க்கு இல்லாத ஒலி கேட்கத் தொடங்கியது. அடைப்பானை எடுத்த பின் அவ்வொலி மறைந்தது. நோயில்லாதவர்க்கே ஏழு நாளில் இவ்விளைவாயின், நோயுள்ளவர் திங்கட்கணக்கிற் பஞ்சு வைத்து வாழ்வதை யாம் எங்ஙனம் ஒப்புவது?

ஒலியைக் கொண்டு இரைச்சலை ஆற்றுவது புதிய கொள்கையுமன்று. பாரிஸ் நகரத்துச் செவிட்டூமையர் கல்விக்கு உழைத்த இத்தார் என்னும் மருத்துவர் 1821ஆம் ஆண்டில் செவிநோய்களைப் பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டார். இரைச்சலை அகற்ற இயலாதவிடத்து, அதனை ஒத்த புறவொலியொன்றால் மூடுக என்று அவர் அந்நூலிற் கூறினார். பேரிரைச்சலுற்றவர் கொழுந்துவிட்டெரியும் அடுப்பின் முன் அமர்வதும், சீறும் ஒலியுற்றவர் ஈர விறகை எரிப்பதும், மணியோசை கேட்பவர் அடியில் துளையிட்ட பாத்திரத்தினின்று செப்புக் கலத்தில் நீர் விழச் செய்வதும் அவர் கண்ட வழிகள். நம் பாட்டிமார் அடுக்களையில் இவை மூன்றும் எப்பொழுதும் இருந்தன என்பதை நினைக்குந்தோறும் எமக்கு நகை தோன்றுகின்றது.

இத்தாருக்கு நூற்றைம்பது ஆண்டின் பின், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் இக்கருத்து மறுபிறவி எடுத்தது. யூனிஸ் என்னும் மருத்துவர் தாமே இரைச்சலால் வருந்தியவர். அங்கிருந்த செவி ஆராய்ச்சியாளராகிய ஜாக் வெர்னனைக் காண வந்தவர், அவரோடு நகரின் நடுவே உள்ள லவ்ஜாய் நீரூற்றின் அருகே செல்லுங்கால், நீர் வீழும் ஓசையில் தம் காதின் ஒலி முற்றும் அடங்கியதை உணர்ந்து அவ்விடம் விட்டு அகல மனமின்றி நின்றுவிட்டார். நீரூற்றைக் காதோடு கொண்டு செல்லல் இயலுமோ என்னும் கேள்வியினின்றே, காதில் அணியும் ஒலிக்கருவிகளைச் செய்யும் முயற்சி வெர்னனுக்குப் பிறந்தது. இரைச்சலுற்றோர்க்கென அமெரிக்காவில் ஒரு சங்கம் தோன்றியதும் இவ்விருவர் முயற்சியாலேயாம், ஆண்டு 1971. பின்னர் 1990ஆம் ஆண்டில் யாஸ்திரபாவ் என்னும் போலந்து நாட்டறிஞர், இரைச்சலை முற்றும் மூடுதல் வேண்டா. அதனினும் சற்றே தாழ்ந்த ஒலியை அதனோடு கலந்து பல திங்கள் கேட்டுவரின், மூளை அதனைப் பொருளற்ற ஒலியென்று தள்ளப் பழகிக்கொள்ளும் என்னும் கொள்கைக்கு அடிகோலினார். கேளாத ஒன்றிற்குப் பழகுதல் எங்ஙனம் என்பது அவர் வினா. கடிகாரத்தின் டிக்டிக் ஒலியையும், புகைவண்டி நிலையத்தருகே குடியிருப்போர் வண்டியொலியையும் மறந்துவிடுவதைக் காணும் நமக்கு இவ்வினாவின் கருத்து எளிதிற் புலனாகும்.

நிற்க. இனி வீட்டிற் செய்யுமாறு கூறுவாம். ஆயின் எதனையும் தொடங்குமுன் காது மருத்துவரை ஒருமுறை காணல் வேண்டும். மெழுகு அடைத்திருப்பினும் இரைச்சல் வரும். அதனை எடுத்த அளவிலே போதலும் உண்டு. சில குறிகள் கண்டவிடத்து ஒரு நாளும் தாழ்த்தலாகாது. ஓரிரவில் ஒரு காது கேளாதொழிந்தால் அன்றே அல்லது மறுநாளே செல்லல் வேண்டும். அந்நோய்க்குத் தரும் மருந்து பயன்படுவது தொடக்க நாள்களிலேதான். இரைச்சல் ஒரு காதில் மட்டும் நிலைத்தல், நாடித்துடிப்போடு ஒத்து ஒலித்தல், தலைச்சுற்றலோ முகக் கோணலோ உடன் தோன்றல், சீழ் வடிதல் என்பன பிற குறிகள். கொயினா, மிகுந்த அளவிலான ஆஸ்பிரின், ஸ்டிரெப்டோமைசின் இனத்து ஊசிகள், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் ஆகியவை காதைத் தாக்குவன. இவற்றை உட்கொள்வோர் தாமே நிறுத்தாது மருத்துவரிடம் சொல்லல் வேண்டும். கேட்கும் ஆற்றலை அளந்து பார்த்தல் இன்றியமையாதது. செவி மந்தமாயின் அதற்குரிய கேட்பொலிக் கருவியே முதல் மருந்து. புறத்து ஒலியெல்லாம் மீண்டும் செவி புகவே, அதுவே ஒலிச் சிகிச்சையும் ஆகிவிடுகின்றது. மூக்குக் கண்ணாடி அணிய நாணாத நம்மவர் காதுக் கருவி அணிய நாணுவதன் காரணம் எமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மருத்துவர் அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை என்று கூறிய பின் வீட்டு முறையைத் தொடங்கலாம். வேண்டுவது யாது? ஏற்றத்தாழ்வின்றி ஒரு சீராய் ஒலிப்பதும், பொருளற்றதும், மனத்தைத் தன்பால் இழுக்காததுமாகிய ஓர் ஓசை. மழை, ஓடை, கடலலை, மின்விசிறி, மீன் தொட்டியின் காற்றுக்குழாய் என்பன போதும். கைப்பேசியில் இவ்வொலிகளை விலையின்றித் தரும் செயலிகள் பல உள. வெள்ளிரைச்சல், இளஞ்சிவப்பு இரைச்சல் என்று அவற்றிற் பெயர் கண்டு மயங்க வேண்டா. முன்னதில் கீச்சொலி மிகுந்து 'ஸ்ஸ்' எனச் சீறும். பின்னதிற் கீச்சொலி தணிந்து அருவி போல் இரையும். எது தமக்கு இதமோ அதனைக் கொள்க. பாட்டும் பேச்சும் பகலிற் பொழுதுபோக்கிற்கு ஆகும். படிக்கும்பொழுதும் உறங்கும்பொழுதும் ஆகா. சொற்களை மனம் பின்தொடரும். தெரிந்த பாட்டாயின் உடன் பாடத் தொடங்கும். தம்பூராவின் சுருதியை மெல்ல வைத்துக்கொள்ளல் இசைப் பயிற்சியுடையார் சிலர்க்கு இனிதாகலாம். அது தம் காதின் ஒலியோடு மாறுபட்டு உறுத்துமாயின் விடுக.

அளவே இம்முறையின் உயிர்நாடி. இரைச்சலை அடித்து வீழ்த்துவேன் என்று பேரொலியை வைப்பார் முன்னிருந்த நோயோடு புதியதொன்றையும் சேர்த்துக்கொள்வர். காதின் இரைச்சல் கேட்கவும் வேண்டும். அதனருகே புறவொலியும் கேட்கவும் வேண்டும். புறவொலி ஒரு படி தாழ்ந்தே இருத்தல் நன்று. அருகிலிருப்பவரோடு குரல் உயர்த்தாது பேச இயலுமாயின் அளவு சரி. காதினுள் செருகும் ஒலிவாங்கிகளினும் அறையின் ஒரு மூலையில், தலைக்கு நாலைந்து அடி தள்ளி வைத்த சிறு ஒலிபெருக்கி சிறந்தது. ஒலி இரு செவிக்கும் ஒப்பச் செல்லும், செவித்துளையும் புழுங்காது. நாளொன்றுக்குச் சில மணி நேரமேனும் அறையில் இவ்வொலி இருந்துகொண்டேயிருக்கட்டும். உட்கார்ந்து அதனைக் கேட்க வேண்டா. தம் வேலையைத் தாம் பார்த்துக்கொண்டிருத்தலே முறை. இரைச்சல் குறைந்ததா என்று நாழிகைதோறும் சோதித்துப் பார்ப்பவர் விதையை நட்டு நாள்தோறும் தோண்டிப் பார்ப்பவரை ஒப்பர்.

இரவே இந்நோயாளர்க்குப் பெரும் பகை. ஊரடங்கிய பின் இரைச்சல் தலையெடுக்கும், உறக்கம் கெடும், உறக்கம் கெட்டவர்க்கு மறுநாள் இரைச்சல் இன்னும் பெரிதாகும். ஆதலின் படுக்கையறையில் விடியும்வரை மெல்லொலி இருப்பது நலம். இடையிற் றானே நின்றுவிடுமாறு வைத்தால், நின்ற கணத்திலேயே விழித்துக்கொள்வாரும் உளர். மின்விசிறியை நம்பியிருப்போர் நள்ளிரவில் மின்சாரம் நின்றவுடன் படும்பாடு அவரே அறிவர். மின்கலத்தால் ஒலிக்கும் சிறு கருவியொன்றை மாலையிலேயே மின்னேற்றித் தலைமாட்டில் வைத்துக்கொள்வது அதற்குப் பரிகாரம்.

செவிக்கூச்சமுடையார் இதனினும் மெல்லச் செல்லல் வேண்டும். அவர்க்குத் தொடக்கத்தில் ஒலி கேட்டும் கேளாததுமான அளவிலேயே இருத்தல் வேண்டும். அது பழகி, அறையில் அஃது இருப்பதே மறந்துபோன பின்னர், வாரத்திற்கு ஒருமுறையோ இருமுறையோ அணுவளவு உயர்த்துக. ஒரு நாள் துன்புறுத்தினால் முந்தின அளவிற்கே மீள்க, அது தோல்வியன்று. பயன் காண வாரங்களன்றித் திங்கள்களும் ஆகும். ஒலி கேட்டவுடன் காதினுள் உண்மையான வலியே எழுபவரும் இவருள் உளர். அவர் தாமே முயலாது, காது கேட்பியல் கற்றவர் மேற்பார்வையில் மட்டுமே இதனைச் செய்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் அடைப்பானே வேண்டாவோ எனின், வேண்டும், இடமறிந்து வேண்டும். பட்டாசு வெடிக்கும் தெருவிலும், பந்தலின் ஒலிபெருக்கிக் கீழும், இயந்திரசாலையிலும் அதனை அணியாதிருத்தல் அறியாமை. உலகச் சுகாதார நிறுவனம் கூறும் எல்லை, 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது. மூன்று டெசிபெல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகும். இவ்வாறே கணக்கிட்டால் 89 டெசிபெல்லில் வாரத்திற்கு ஐந்து மணி நேரமே எஞ்சும். காதைப் பிளக்கும்படி பாட்டை வைத்துக்கொண்டு பேருந்தில் நாளும் இரண்டு மணி நேரம் பயணஞ் செய்யும் எம் மாணவர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்ப்பாராக. இல்லத்திலும் வகுப்பறையிலும் கடைத்தெருவிலும் அடைப்பானைச் செருகிக்கொண்டு திரிவதையே யாம் மறுக்கின்றோம். அங்ஙனம் திரிவோர் முதலில் திருமணங்களுக்குச் செல்வதை விடுவர். பின் நண்பர் வீட்டை விடுவர். பின் தம் வீட்டுக் கூடத்தையும் விட்டு ஓர் அறைக்குள் ஒடுங்குவர். உலகம் சுருங்கச் சுருங்க அவர் செவி கூர்மையாகிக்கொண்டே செல்லும்.

இம்முறையின் எல்லையையும் மறைத்தல் முறையன்று. ஒலிச் சிகிச்சை நோயை வேரறுக்கும் என்று எவரேனும் கூறின் நம்பற்க. இதனைப் பற்றிய எட்டு ஆய்வுகளை 2018ஆம் ஆண்டில் காக்ரேன் அறிஞர் ஒருங்கே சீர்தூக்கி, ஒலிக்கருவி பிற வழிகளினும் மேம்பட்டதென்று நிறுவப் போதிய சான்றில்லை என்று முடித்தனர். அமெரிக்கப் படை மருத்துவமனைகளில் 151 பேரைக் கொண்டு நடந்து 2019ஆம் ஆண்டில் வெளியான பெருஞ்சோதனையில், யாஸ்திரபாவின் முறைப்படி மெய்யான கருவி அணிந்தவரும், போலிக் கருவி அணிந்தவரும், வழக்கமான கவனிப்பு மட்டுமே பெற்றவரும் பதினெட்டுத் திங்களில் ஏறத்தாழ ஒப்பவே நலம் பெற்றனர். இதனைக் கண்டு ஒலியாற் பயனில்லை என்பாரும் உளர். யாம் அங்ஙனம் கொள்ளவில்லை. மூன்று வகையினரும் நலமுற்றனர் என்பதும், அவருள் எவரும் பஞ்சிட்டு அறைக்குள் அடைபடவில்லை என்பதும் நோக்கத்தக்கன. விலையுயர்ந்த கருவிதான் வேண்டும் என்பதற்கு இச்சோதனை இடந்தரவில்லை என்பதே எமக்குப் புலப்படும் உண்மை. மின்விசிறி தரும் ஆறுதலையே பெருந்தொகைக்கு விற்கும் வணிகர்க்கு இது வருத்தந் தரலாம். செவிக்கூச்சத்தைப் பொறுத்தவரையில், நல்ல ஆலோசனையும் மெல்லொலியும் சேர்ந்தவிடத்துச் செவியின் பொறுமை வளர்வதற்குச் சான்று சற்று வலியதாகவே உள்ளது.

மனத்தைப் பழக்கும் முறை ஒன்றும் உண்டு. இரைச்சலைக் கேட்டவுடன் எழும் அச்சத்தையும் தவறான எண்ணங்களையும் ஆராய்ந்து மாற்றிக்கொள்ளப் பயிற்றுவது அது. 28 ஆய்வுகளைச் சீர்தூக்கிய 2020ஆம் ஆண்டு அறிக்கை, இப்பயிற்சி இரைச்சலால் விளையும் துன்பத்தைக் குறைக்கும் என்று கூறுகின்றது. இரைச்சல் அவ்வாறே இருக்கத் துன்பம் மட்டும் குறைவது எங்ஙனம் என்று வியப்பவர், ஒரே மழையொலி உழவனுக்கு ஒருவிதமாகவும் கூரை ஒழுகும் வீட்டினனுக்கு வேறுவிதமாகவும் கேட்பதை எண்ணிப் பார்க்க. இப்பயிற்சி தருவோர் நம் ஊர்களில் எளிதிற் கிடைத்தல் அரிது. கிடைக்குமாயின் அதனை விடற்க. மனஞ்சோர்ந்து உயிர்மேல் வெறுப்புக் கொண்டோர் ஒரு பொழுதும் தனித்திராது, உடனே மருத்துவரையும் உற்றாரையும் நாடல் வேண்டும்.

"பதினைந்தே நாளில் காதிரைச்சல் தீரும்" என்னும் விளம்பரங்களைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கக் காது மருத்துவர் கழகம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை, ஜிங்கோ இலைச் சத்து, மெலட்டோனின், துத்தநாகம் முதலியவற்றை இரைச்சலுக்கென்று பரிந்துரைத்தலாகாது என்று தெளிவாய்க் கூறிற்று. இரைச்சலை மட்டும் அடக்கவல்லதென நிறுவப்பெற்ற மாத்திரை ஒன்றும் இன்றளவும் இல்லை. இரைச்சல் தானே தணிதலும், பழகிப்போதலும் மிகுதியாக உண்டு. அந்நாளில் எம்மருந்து கையிலிருந்ததோ அதற்கே புகழ் சேர்ந்துவிடுகின்றது. நெடுநாள் துன்புற்றவன் எதற்கும் பணங்கொடுக்க முன்வருவான் என்பதை நன்கறிந்து விற்போரை யாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம்.

இறுதியாக, உடன் வாழ்வோர்க்கு ஒரு வேண்டுகோள். நோயாளர் தம் துன்பத்தைக் கூறுங்கால் நம்புக. அவர்பொருட்டு வீடெங்கும் கால் ஓசையும் அடக்கி நடக்க வேண்டா. பாத்திரத்தை எறியாது வைத்தலும், தொலைக்காட்சியை அளவோடு வைத்தலும், தொலைவினின்று கத்தாது அருகிற் சென்று பேசுதலும் போதும். விடுதிகளில் வாழும் மாணவர் நிலை சற்றுக் கடினமானது. இரவில் விளக்கணைந்த பின் எவ்வொலியும் கூடாதென்பது பல விடுதிகளின் விதி. நன்மை கருதி ஏற்பட்ட அவ்விதியே, செவியிரைச்சலுற்ற மாணவன் ஒருவனுக்கு இரவு முழுதும் உறக்கமின்மையாய் முடியக்கூடும். விடுதித் தலைவர்கள், மருத்துவர் சீட்டுக் கொண்டுவருவோர்க்கு மெல்லொலி வைத்துக்கொள்ள இசைவு தருவாராக. அறைத்தோழர்க்கு மழையொலி பிடிக்கவில்லையாயின் அதற்கும் வழியுண்டு. தலையணைக்கடியில் வைக்கத்தக்க தட்டையான சிறு ஒலிபெருக்கிகள் கடைகளிற் கிடைக்கின்றன. தலை வைத்தவனுக்கு மட்டும் கேட்கும். அடுத்த கட்டிலில் உறங்குவோன் அறியான்.